சம்பளக் கணக்கு வீட்டுக்குள் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவந்த ஒரு கடிதம், நம் குடும்பங்கள் கடனில் மூழ்குவதற்குத் திருமணம், மஞ்சள் நீராட்டு விழா, தீபாவளி ஆகியவற்றில் நாம் செய்யும் ஆடம்பரமே காரணம் என்று தீர்ப்பு எழுதியிருந்தது. அந்த வாசகரின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அலுவலகக் கிராணியாக வேலை செய்து ஓய்வு பெற்று, இன்றும் அக்கம்பக்கத்தார் எடுத்துவரும் வங்கிக் கடிதங்களையும் சேமநிதி அறிக்கைகளையும் படித்து விளக்கிக்கொண்டிருக்கும் எனக்கு, அவர் சொன்னது முழு உண்மையாகப் படவில்லை. விழாச் செலவு ஊரார் முன்னிலையில் நடப்பதால் அதைப் பற்றி எல்லாரும் பேசிவிட முடிகிறது. குடும்பத்தை உள்ளுக்குள் அரிக்கும் கடனோ, பெரும்பாலும் கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும், பெற்றோர் இருவருக்கும் தெரியாமல் பிள்ளையும் வாங்கிய கடனாக இருக்கிறது. நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேசுவது சண்டையின்போது மட்டும்தான் என்பதே என் நெடுநாள் மனக்குறை.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு விளங்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருந்தவருக்கு வாடகை இல்லை. தண்ணீரும் மருந்தும் நிருவாகத்தின் பொறுப்பு. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போகலாம். அரிசியும் பருப்பும் மீனும் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஏறும். மாத நடுவில் முன்பணம் தரப்படும். சம்பள நாளன்று முன்பணம், சேமநிதி, சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகக் காப்புறுதி, சங்கச் சந்தா, சில தோட்டங்களில் கோயில் வரியும் கூடக் கழிக்கப்பட்டு, மிச்சம் கைக்கு வரும். வந்ததில் பெரும்பகுதியைக் கடைக்காரர் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். ஆக, ஒரு தொழிலாளியின் கணக்கை, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதிய என் போன்ற கிராணியும் கடைக்காரரும் பார்த்துக்கொண்டோம். அந்தத் தொழிலாளி தன் கணக்கைத் தானே எழுத வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாள் பெயர் விழுந்தது, எத்தனை நாள் மழையால் வெட்டு நின்றது என்பதை விரல் விட்டு எண்ணிச் சொல்லி, என் செக்ரோலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்த அம்மாமார்கள் பலர் உண்டு. வரவுக் கணக்கில் இருந்த அந்தக் கூர்மை செலவுக் கணக்குக்கு வராமல் போனதற்குக் காரணம், செலவு அவர்கள் கையில் இல்லாததுதான்.

பின்னர் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு வீட்டுத் தவணை, தண்ணீர், மின்சாரம், நிலவரி, மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளி வேன் கட்டணம், கைப்பேசிக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் ரொக்கமாக, ஒவ்வொரு தேதியில் வந்து நின்றது. வாழ்க்கை மொத்தமாக மாறிவிட்டது. வீட்டில் பணம் பேசப்படாத பழக்கம் மட்டும் மாறவில்லை. சம்பளம் வங்கியில் விழுகிறது, அட்டை கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது, எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று கேட்டால் 'அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பதில் வருகிறது. அவர் பார்த்துக்கொள்ள முடியாத மாதத்தில் மனைவி சங்கிலியைக் கழற்றுகிறார்.

அடகுக்கடையை நான் குறை கூற மாட்டேன். உரிமம் பெற்ற அடகுக்கடை 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது; மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது; மீட்டுக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் உண்டு; கடன் கட்டாவிட்டால் பொருள் போகுமே தவிர, வீட்டுக் கதவில் யாரும் சிவப்புச் சாயம் ஊற்ற மாட்டார்கள். அவசரத்துக்கு வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் திருப்பினால் அது ஒரு நல்ல வசதியே. வட்டியை மட்டும் கட்டிக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் தொல்லை. 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வைத்த சங்கிலிக்கு மாதம் 60 வெள்ளி என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு ஆண்டு புதுப்பித்தால் 1,440 வெள்ளி போய்விடும். அசல் 3,000 அப்படியே நிற்கும். அச்சீட்டு அரிசி டின்னுக்கு அடியிலோ சேலை மடிப்பிலோ ஒளிந்திருப்பதால், அதைத் திருப்புவதற்குக் குடும்பமாகச் சேர்ந்து பணம் ஒதுக்க வழியே இல்லாமல் போகிறது. தீபாவளிப் போனஸ் வந்த மாதத்தில் கணவர் புதுத் தொலைக்காட்சி வாங்குகிறார். மனைவி அதே மாதம் சங்கிலிக்கு வட்டி கட்டுகிறார். இருவரில் யாரையும் ஊதாரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடுகின்றன, அவ்வளவே.

ஆ லோங் எனப்படும் உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் போவதும் இந்த மறைப்பின் தொடர்ச்சிதான். பெரும்பாலோர் முதலில் அவரிடம் போவது பேராசையால் அல்ல. வீட்டில் சொல்ல வெட்கம், உறவினரிடம் கேட்க மானக்கேடு, வங்கியில் தாள் கேட்பார்கள் என்ற பயம். ஆயிரம் வெள்ளி கேட்டவர் கையில் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சம்பளம் விழும் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தன் சம்பளத்தைத் தானே எடுக்க முடியாத நிலை வந்துவிடுகிறது. சட்டப்படி உரிமம் பெற்று வட்டிக்கு விடுபவர், பிணை இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கும், பிணை உள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கக் கூடாது; எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதன் படி ஒன்று கடன் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும். வங்கி அட்டையைக் கேட்பவரிடமும், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரிடமும் ஒரு வெள்ளி கூட வாங்காதீர்கள் என்று நான் காணும் இளைஞரிடமெல்லாம் சொல்லி வருகிறேன். இதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்கள். ஆனால் பிள்ளை கடன் வாங்கிய செய்தி, மிரட்டல் அழைப்பு வரும்போதுதான் அவர்களுக்கே தெரிய வருகிறது.

ஊழியர் சேமநிதி பற்றிச் சற்று விரிவாக எழுத ஆசிரியர் அனுமதிக்க வேண்டும். ஏனெனில் வேறு சொத்து இல்லாத தோட்டத்துக் குடும்பங்களுக்கு அதுதான் சொத்து. 1951இல் சட்டம் இயற்றப்பட்டு ஏற்பட்ட இந்நிதி, கிழவயதில் பிள்ளைகள் கையை எதிர்பார்க்காமல் இருப்பதற்கு நம்மவர்க்குக் கிடைத்த பெரிய ஏற்பாடு. இன்று குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒருவரின் பெயரில், அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி போய்ச் சேர்கிறது. 2020 முதல் 2022 வரை, நோய்த்தொற்றுக் காலத்து நெருக்கடிக்காக நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி உறுப்பினர்கள் 14,500 கோடி வெள்ளியை எடுத்தனர். அப்போது வேலையிழந்து எடுத்தவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. பிள்ளைக்குப் பால் மாவு வாங்க எடுத்த பணம் அது. எனினும் அந்த மாதங்களில் என் மேசைக்கு வந்தவர்களில் சிலர், எடுக்க முடிகிறது என்பதற்காகவே எடுத்தார்கள் என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

2024 மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் குறைந்தது 50 வெள்ளி முதல் எடுத்துக்கொள்ளக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10. மேலே சொன்ன சம்பளக்காரருக்கு இந்த மூன்றாம் கணக்கில் மாதம் ஏறத்தாழ 41 வெள்ளி சேரும். அது 50 வெள்ளியைத் தொட்டவுடனே கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டி எடுத்துவிடும் இளைஞர்கள் எங்கள் தாமானிலேயே உண்டு. 41 வெள்ளியில் என்ன ஆகிவிடும் என்று அவர்கள் கேட்பார்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுக் காட்டுவதுண்டு: இருபது ஆண்டு தொடாமல் விட்டால், போட்ட பணம் பத்தாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவும், கையில் வருவது 16,000 வெள்ளிக்கு மேலாகவும் இருக்கும். 2024ஆம் ஆண்டுக்கு வாரியம் அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. எந்த வங்கியின் சாதாரணச் சேமிப்புக் கணக்கும் இதற்கு அருகில் வராது. உண்மையான அவசரத்துக்காக அந்தக் கணக்கு இருக்கிறது. அவசரம் எது என்பதை வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிட்டு எடுக்கும் வழக்கம் இருந்தால், பாதி எடுப்புகள் நின்றுபோகும் என்பது என் கணிப்பு.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது பெயர் நியமனம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இறந்தால், அவர் நியமித்தவருக்கே சேமநிதிப் பணம் உரியது. வேலைக்குச் சேர்ந்த இளவயதில் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தவர், மணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பின்னும் அதைத் திருத்தாமல் இருப்பார். சிலர் யார் பெயரையும் எழுதுவதே இல்லை. 'நான் சாவதைப் பற்றி ஏன் பேசுகிறாய்' என்று மனைவியைக் கடிந்துகொள்ளும் கணவர், அப்பேச்சைத் தவிர்ப்பதன் விலையை அவர் கொடுப்பதில்லை. காரியம் முடிந்த கையோடு, எந்தப் பத்திரமும் எங்கே என்று தெரியாமல், இறந்தவரின் சொத்தைக் கையாளத் தேவைப்படும் நிருவாகப் பத்திரம் என்றால் என்னவென்றும் புரியாமல், அலுவலகம் அலுவலகமாக அலையும் அவருடைய மனைவி கொடுக்கிறார். அபசகுனம் என்று கருதி ஒதுக்கும் இந்த ஒரு படிவத்தை நிரப்பக் கால் மணி நேரம் போதும். லாரி ஓட்டுபவர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், தையற்காரர் போன்ற சொந்தத் தொழில் செய்வோர்க்கும் சேமநிதியில் இடமுண்டு என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஐ-சாரான் திட்டத்தின்கீழ் அவர்கள் தாமே செலுத்தும் தொகைக்கு, 60 வயது வரை, அரசாங்கம் தற்போது 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி என்ற அளவில் கூடுதலாகச் சேர்க்கிறது.

நம்மவர்க்கு முதலீடு என்றாலே ஓர் அச்சம் இருப்பதும் உண்மை. அந்த அச்சத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. 1980களில் சமூகத்தின் பெயரால் பங்குகள் விற்கப்பட்டபோது, தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிப் போட்டவர்கள் பட்ட ஏமாற்றம் இன்னும் பல குடும்பங்களில் பேசப்படுகிறது. அதே வேளையில், எங்கள் ஊரில் பிறந்து அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் தெருவுக்கு வருவதைப் பொறுக்காமல் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்றபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கிய தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆனார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும். தாலிக்கொடியை வைத்து வாங்கியது கடன் பணத்தில் செய்த முதலீடு. கூட்டுறவில் போட்டது சம்பளத்தில் மிஞ்சிய பணம். கடன் வாங்கி முதலீடு செய்யச் சொல்லும் எவரையும், அவர் கோயில் தலைவராக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிட வேண்டும். மாதம் 10 விழுக்காடு இலாபம் என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் விளம்பரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன, பெயரைத் தேடிப் பார்த்தால் போதும்.

பலர் மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு கட்டுவது பற்றியும் ஒரு வரி. நம் பெண்கள் அதில் காட்டும் ஒழுங்கு எனக்கு வியப்பளிக்கிறது. கூட்டுப் பணத்தில் மகளைப் படிக்க வைத்தவர்களை அறிவேன். ஆனால் அது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது, நடத்துபவர் பணத்தோடு போய்விட்டால் முறையிடவும் துணிவிருக்காது. அதே ஒழுங்கோடு வங்கியில் போட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு.

வீட்டில் பணம் பேசுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லி வருவதை இங்கே எழுதுகிறேன். சம்பளம் விழுந்த அந்த வாரத்தில் ஓர் இரவு, சாப்பாடு முடிந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார வேண்டும். அடகுச் சீட்டு, கடன் அட்டை அறிக்கை, தவணைப் புத்தகம், யாரிடமோ வாங்கிய கைமாற்று, கைப்பேசிச் செயலியில் பொருள் வாங்கிப் பின்னர் கட்டுவதாக வைத்திருக்கும் பாக்கி என்று இருப்பதையெல்லாம் மேசையில் வைக்க வேண்டும். அன்றிரவு யாரும் யாரையும் திட்டக் கூடாது; இந்த ஒரு விதியை மீறினால் அடுத்த மாதம் சீட்டுகள் மறுபடியும் அரிசி டின்னுக்குள் போய்விடும். முதல் மாதம் எழுதுவதற்கு மட்டும். எதையும் குறைக்க வேண்டாம், எந்தத் தீர்மானமும் வேண்டாம். எழுதிய பிறகு எதை முதலில் அடைப்பது என்பது தானாகவே தெரிய வரும்: வட்டி அதிகமுள்ளது முதலில். என் அனுபவத்தில், பெரும்பாலான வீடுகளில் இந்த முதல் இரவுதான் கடினம். கணவர்கள் கோபப்படுவதை விட, தாங்கள் மட்டும் சுமப்பதாக நினைத்ததை மனைவியும் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று அறிந்து பேச்சற்றுப் போவதையே அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளையும் உட்கார வைக்கலாம். அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று நாம் மறைப்பது அவர்களுக்கு எப்படியும் தெரிகிறது. எவ்வளவு என்பது மட்டும் தெரியாததால், ஒன்று அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள், அல்லது வீட்டில் பணம் இருக்கிறது என்று எண்ணிப் புதுக் கைப்பேசி கேட்கிறார்கள்.

கணக்கு எழுதினால் 1,700 வெள்ளி 3,000 வெள்ளியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளும் வாடகை வீடும் உள்ள குடும்பத்துக்கு அச்சம்பளம் போதாது. அதற்குச் சம்பளம் உயர வேண்டும், அதற்கான போராட்டம் தொழிற்சங்கத்தின் வேலை. சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் போதாத சம்பளத்தில் ஆண்டுக்கு எழுநூறு வெள்ளியை அடகு வட்டியாக விட்டுக்கொடுப்பதும் நமக்குக் கட்டுப்படியாகாது. கடன் கைமீறிப் போனவர்கள், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே நிறுவனத்தை நாடலாம். கடன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கடன்களை வருமானத்துக்கு ஏற்ற தவணையாக மாற்றியமைக்க அவர்களே வங்கிகளோடு பேசுகிறார்கள். ஈப்போவில் அதற்குக் கிளை இருக்கிறது. அங்கே போவதை அவமானமாகக் கருதி ஓராண்டு தள்ளிப்போடுபவரின் கடன் அந்த ஓராண்டில் சும்மா இருப்பதில்லை.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். சேமநிதி, அடகு, கடன் ஒப்பந்தம் பற்றிய தாள்கள் எங்கள் வட்டாரத்துக்கு வந்து சேர்வது மலாயிலோ ஆங்கிலத்திலோதான். என் வயதொத்த பெண்கள் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் படிப்பது தங்கள் நாளிதழ் ஒன்றைத்தான். மாதம் ஒருமுறையேனும் அரைப் பக்கம் ஒதுக்கி, பெயர் குறிப்பிடாமல் ஒரு குடும்பத்தின் உண்மையான வரவுசெலவை வெளியிட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதற்கு விளக்கம் எழுதச் செய்யுங்கள். முதல் மாதத்தில் சேமநிதிப் பெயர் நியமனப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று வரி வரியாகத் தமிழில் போட்டுவிட்டால், அதை வெட்டியெடுத்து எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் ஒட்டி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அது வெளிவந்தால் நல்லது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் அதைக் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட அலுவலகக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.